தேர்தல் நகைச்சுவைப் படம் எடுக்கும் இயக்குநர்களுக்கு ஒரு வாக்காளரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கும் வசனகர்த்தாக்களுக்கும் வணக்கம்.

போன வாரம் பார்த்த ஒரு படம்தான் இதை எழுத வைத்தது. பெயர் வேண்டாம். அதில் வந்த ஒரு காட்சி உங்கள் படங்களில் பாதிக்கு மேல் இருக்கிறது. ஓட்டுக்கு 500 ரூபாய் கொடுக்கும் வீட்டின் முன்னால் வரிசை. ஒரு பாட்டி முக்காடு போட்டுக்கொண்டு இரண்டாவது முறையும் வந்து வாங்குகிறார். ஒருவர் குவாட்டரையும் பிரியாணியையும் வாங்கிக்கொண்டு எதிர்க்கட்சிக்குக் கோஷம் போடுகிறார். சரி, பணத்தைக் கொடுப்பது யார்? முழுக்கை வெள்ளைச் சட்டையும் மோதிரமும் போட்ட ஒரு கை மட்டும் தெரிகிறது. முகம் இல்லை, பெயர் இல்லை, வசனம்கூட இல்லை. தியேட்டர் முழுக்கச் சிரிப்பு.

என் கோரிக்கை ஒன்றுதான். வாங்கும் முகத்தைக் காட்டுகிற நீங்கள், கொடுக்கும் முகத்தையும் காட்டுங்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டைலர். ஓட்டு ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. இங்கேயே மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முகவரிச் சான்று வேண்டும். லைன் வீட்டு ஓனரிடம் ஒப்பந்தப் பத்திரம் கேட்டால், "எதுக்கு வம்பு, வேற வீடு பாத்துக்கோ" என்கிறார். அதனால் ஓட்டு ஊரிலேயே கிடக்கிறது, நாங்கள்தான் தேடிப் போகிறோம்.

2024 நாடாளுமன்றத் தேர்தல் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. முந்தின நாள் ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் கால் வைக்க இடமில்லை. தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் தாண்டி மதுரை வரை நின்றுகொண்டுதான் போனோம். என் மனைவிக்குப் படிக்கட்டுப் பக்கம் உட்கார ஓரம் கிடைத்தது, மடியில் பிள்ளை. மதுரையில் இறங்கி, பரமக்குடி பஸ் பிடித்து, ஊர் சேரும்போது விடிந்துவிட்டது. குளித்துவிட்டு நேரே வாக்குச்சாவடி. அங்கேயும் வரிசைதான். ஓட்டுப் போட்டு, அம்மா வைத்த சோற்றைச் சாப்பிட்டு, சாயங்காலமே திரும்ப பஸ். ஏனென்றால் மறுநாள் சனிக்கிழமை, சம்பள நாள். அன்றைக்கு மெஷினில் உட்காராவிட்டால் அடுத்த வாரக் கணக்கும் இடிக்கும்.

இருவருக்கும் போகவர பஸ் செலவு, இரண்டு பேர் கூலி எல்லாம் சேர்த்தால், உங்கள் படத்து 500 ரூபாயைப் போல எத்தனை மடங்கு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஓட்டை விற்கிறவன் இப்படியா நஷ்டத்துக்கு விற்பான்?

சட்டம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும் என்கிறது. தினக்கூலிக்காரருக்கும் பொருந்தும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற எங்களுக்கு அன்றைய கூலி எவ்வளவு என்று கம்பெனியில் கேட்டால், "லீவு விட்டாச்சுல்ல, போய் ஓட்டுப் போடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த விதியை மீறும் முதலாளிக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 500 ரூபாய். உங்கள் படத்தில் எங்கள் ஓட்டுக்கு வைத்த அதே விலை. இதைவிட நல்ல நகைச்சுவையை எந்த வசனகர்த்தா எழுதிவிடப் போகிறார்? ஆனால் இது ஒரு படத்திலும் வந்து நான் பார்த்ததில்லை.

பணம் வாங்குபவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள். ஆனால் எப்படி வாங்குகிறார்கள் என்று வந்து பாருங்கள். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர் பெரும்பாலும் அடுத்த தெருக்காரர், சில சமயம் சொந்தக்காரர். வாங்கினால் பேருக்கு நேராக ஒரு டிக். வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு குறி. அப்புறம் அந்த வீட்டுக்காரர் "அந்தக் கட்சிக்காரர்". நாளைக்கு ஒரு கையெழுத்துக்கோ தண்ணீர்க் குழாய்க்கோ அலையும்போது அந்தக் குறி நினைவுக்கு வரும். இதில் பயம் இருக்கிறது, தந்திரம் இருக்கிறது, "குடுக்கறது நம்ம காசுதானே" என்ற எகத்தாளமும் இருக்கிறது. இதை விட்டுவிட்டு முக்காடு போட்ட பாட்டியைப் பிடித்துக்கொண்டால் எப்படி?

ஏன் பாட்டியைப் பிடிக்கிறீர்கள் என்பதும் எங்களுக்குப் புரிகிறது. அவருக்குச் சங்கம் கிடையாது. போஸ்டரைக் கிழிக்கத் தொண்டர்கள் கிடையாது. கட்சிகளைப் பற்றி எடுக்கும்போது மட்டும் எவ்வளவு பக்குவம் உங்களுக்கு! உலகத்தில் எந்தக் கட்சியும் வைத்திராத நிறத்தில் கொடி, வாயில் நுழையாத ஒரு கட்சிப் பெயர், எல்லாம் கற்பனையே என்று படத்துக்கு முன்னால் ஒரு அறிவிப்பு. 2018-இல் வந்த சர்கார் நகைச்சுவைப் படம் அல்ல, இருந்தாலும் சொல்கிறேன். இலவச மிக்சி, கிரைண்டர்களைத் தூக்கி நெருப்பில் போடும் காட்சி அதில் இருந்தது. ஆளும் கட்சி கொதித்ததும் காட்சியை நீக்கினார்கள். அந்த மிக்சியில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் சட்னி அரைக்கிறோம். அந்தக் காட்சியால் எங்களுக்கும்தான் வலித்தது. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நீக்க வேண்டாம், மிக்சி வாங்கியவருக்கும் பதில் சொல்ல ஒரு வசனம் கொடுங்கள் என்றுதான் சொல்லியிருப்போம்.

வாக்குப்பதிவு அன்று கேமராக்கள் சூழ வந்து, மை வைத்த விரலைக் காட்டி, "எல்லாரும் தவறாமல் ஓட்டுப் போடுங்க, அது நம்ம கடமை" என்று உங்கள் நட்சத்திரங்கள் எங்களுக்குப் புத்தி சொல்வதும் நடக்கிறது. ராத்திரி முழுக்க நின்று வந்தவனுக்குக் கடமை பற்றிச் சொல்ல கார் கதவு திறக்கிற நேரம் போதும் போலிருக்கிறது. போகட்டும். நான் சண்டை போட எழுதவில்லை.

உங்களால் முடியாது என்றும் சொல்லவில்லை. 1994-இல் மணிவண்ணனின் அமைதிப்படை வந்தது. அதில் நாங்கள் சிரித்தது அரசியல்வாதியைப் பார்த்து. அவரை வளர்த்துவிட்டவர்களையும் அந்தப் படம் விடவில்லை. 2021-இல் மடோன் அஸ்வினின் மண்டேலா வந்தது. முடிதிருத்தும் ஒருவரின் ஒற்றை ஓட்டுக்கு இரண்டு தரப்பும் அலைகிறது, அவரும் கொடுத்ததை எல்லாம் வாங்கி அனுபவிக்கிறார். ஆனால் கொடுப்பவர்களின் முகமும் வீடும் பகையும் நமக்குத் தெரிகிறது. அவரும் யோசிக்கிறார். அந்தப் படத்துக்குத் தேசிய விருதே கிடைத்தது. அதனால் "ஜனங்க இதையெல்லாம் ரசிக்க மாட்டாங்க" என்று எங்கள் தலையில் பழியைப் போடாதீர்கள்.

கதை இல்லை என்றால் நான் ஒன்று தருகிறேன், பெயர்கூடப் போட வேண்டாம். பணப் பட்டுவாடா காரணமாக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் நின்றன. 2017-இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தல். தொகுதி மக்கள் பிரதிநிதி இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பிறகு தேர்தல் வந்தபோது, பழைய வேட்பாளர்கள் சிலர் அதே தொகுதியில் மறுபடி கைகூப்பிக்கொண்டு வந்து நின்றார்கள். சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். திரையில் மட்டும் ஏன் வாங்குகிறவரே தனியாகத் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். எங்களைக் கிண்டல் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். கொடுக்கும் முகத்தையும் கூடவே காட்டுங்கள்.

அடுத்த தேர்தல் படத்துக்கு உட்காரும்போது, உங்கள் உதவி இயக்குநர்கள் யாரையாவது திருப்பூருக்கு அனுப்பி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது. மற்ற நாளில் என்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் பேச முடியும்.

இப்படிக்கு,
திருப்பூரில் தைத்து ராமநாதபுரத்தில் ஓட்டுப் போடும் ஒருவன்