எடைக்குப் போகும் கணினிகளும் உள்ளே கிடக்கும் விவரங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சியில் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உதிரிபாகத்துக்காகப் பழைய இரும்புக்கடைகளில் சிபியு வாங்குவது எங்கள் தொழிலில் சகஜம். சமீபத்தில் அப்படி வந்த ஒரு ஹார்டு டிஸ்க் ஓடுகிறதா என்று மாட்டிப் பார்த்தால், ஏதோ ஒரு ஸ்கேன் சென்டரின் ரிப்போர்ட்டுகள் வரிசையாக இருந்தன. நோயாளியின் பெயர், வயது, செல்போன் எண், எந்த டாக்டர் அனுப்பினார் என்பது வரை. பக்கத்து ஃபோல்டரில் ஆதார் நகல்கள். ஒப்புக்குக்கூட யாரும் ஃபார்மட் செய்யவில்லை.

செய்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. குவிக் ஃபார்மட் ஃபைல்களின் பட்டியலைத்தான் நீக்கும். ஃபைல்கள் டிஸ்கிலேயே கிடக்கும், இலவச மென்பொருள் போதும் மீட்டெடுக்க. டிஸ்க் முழுவதையும் ஒருமுறை மேலெழுத வேண்டும், அதாவது பழைய விவரங்களின் மேலேயே வேறு எதையாவது எழுதி நிரப்ப வேண்டும். சிப்பில் சேமிக்கும் புதுவகை டிஸ்கான எஸ்எஸ்டி என்றால் அதற்கென்றே உள்ள செக்யூர் எரேஸ் கட்டளையைக் கொடுக்க வேண்டும். 'ரிப்பேரான டிஸ்க்தானே' என்று தூக்கிப் போடுகிறவர்கள் அதிகம். டிஸ்கின் சர்க்யூட் போர்டு மட்டும் போயிருந்தால் அதற்கும் உயிர் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். ஓடாத டிஸ்கை உடைத்துத்தான் போட வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. வாங்கிய காரியம் முடிந்ததும் விவரங்களை அழிக்க வேண்டும் என்கிறது. போதிய பாதுகாப்பு இல்லாமல் விவரங்கள் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பரில் விதிகளும் வெளியாயின; முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், பழைய கணினியைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கச் சொல்லும் மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. ஆனால் அந்தக் கணக்கு எடையில்தான் போகிறது. உள்ளே இருக்கும் டிஸ்க் அழிக்கப்பட்டதா என்று வாசலில் யாரும் கேட்பதில்லை.

பெரிய நிறுவனங்கள் விவரமாக இருக்கும் என்று நம்பவும் முடியாது. அமெரிக்காவில் மார்கன் ஸ்டான்லி என்ற பெரிய நிதி நிறுவனம், தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத, சாமான்களை இடம் மாற்றித் தரும் ஒரு கம்பெனியிடம் பழைய டிஸ்குகளை ஒப்படைத்தது. வாடிக்கையாளர் விவரங்களோடு அவற்றில் சில இணைய ஏலத்துக்கே வந்துவிட்டன. 2022-இல் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 3.5 கோடி டாலர் அபராதம் கட்ட வேண்டியதாயிற்று. காசு மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை!

நான் கேட்பது ஒரே ஒரு தாள். டிஸ்கின் சீரியல் நம்பர், எப்படி அழிக்கப்பட்டது, யார் அழித்தார், எந்தத் தேதியில் என்று எழுதி, நிறுவனப் பொறுப்பாளர் கையெழுத்திட்ட தாள். அது இல்லாமல் எந்த வியாபார நிறுவனமும் கணினியைக் கழிக்கக் கூடாது. மறுசுழற்சியாளரும் வாங்கக் கூடாது. இதை விதியிலேயே சேர்க்க வேண்டும். சிறு கடைக்காரருக்குச் சுமை என்பார்கள். மென்பொருள் இலவசம், ராத்திரி ஓடவிட்டுப் போனால் பெரும்பாலும் காலையில் முடிந்திருக்கும்.

லீசுக்கு எடுக்கும் பெரிய ஜெராக்ஸ் மெஷின்களையும் விட்டுவிடக் கூடாது. பலவற்றில் ஹார்டு டிஸ்க் உண்டு என்பது ஆடிட்டர் ஆபீஸ்காரர்களுக்கே தெரிவதில்லை. லீஸ் முடிந்து வண்டியில் ஏற்றும்போது அதற்கும் அந்தத் தாள் வேண்டும்.

இப்படிக்கு,
கணினி சர்வீஸ் கடைக்காரர்,
திருச்சி