யார் இறங்கச் சொன்னது, ஆணையர் அவர்களே?

மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பாதாளச் சாக்கடைக் குழியில் இறந்துபோனவரைப் பற்றி உங்கள் அலுவலகம் தந்த விளக்கத்தைப் படித்தோம். அவர் மாநகராட்சி ஊழியர் இல்லையாம், ஒப்பந்ததாரரின் ஆளாம். ஒப்பந்ததாரரோ வேலையை உள்குத்தகைக்கு விட்டுவிட்டதாகச் சொல்கிறார். உள்குத்தகைக்காரர் மேஸ்திரியைக் கை காட்டுகிறார். "மேலே நின்னு அடைப்பைக் குத்தத்தான் சொன்னேன், அவனாத்தான் இறங்கிட்டான்" என்கிறார் மேஸ்திரி. விஷவாயுக் குழிக்குள் ஒரு மனுஷன் ஆசைப்பட்டு இறங்கினான் என்று நாங்கள் நம்ப வேண்டும். சரி.

இழப்பீடு கேட்டு வந்த அவர் மனைவியிடம், அவர் இங்கே வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அந்த அம்மாவிடம் இருந்தது கணவருடைய பட்டன் போன் மட்டும்தான். விடியற்காலையில் மேஸ்திரி கூப்பிட்டது அதில் இருக்கிறது. என்ன பேசினார் என்பது இல்லை. கூலி கையில் கொடுத்த காசு. வருகைப் பதிவேட்டில் பெயர் கிடையாது. போனை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றார். எழுத்தர் அதைத் தொடக்கூட இல்லை. "எழுத்துல ஏதாவது இருந்தா கொண்டு வாங்கம்மா."

எழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்பதற்காகத்தானே இந்த ஏற்பாடே?

பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையைச் சுத்தம் செய்ய யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உச்ச நீதிமன்றம் உயர்த்தியது 2023 அக்டோபரில். நீங்கள் அறியாததல்ல. நாங்கள் கேட்பது ஒரு தாள். யார் அனுப்புகிறார், யார் போகிறார், என்ன கருவி கொடுத்தார்கள் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள். நகல் தொழிலாளி கையில் இருக்க வேண்டும்.

உங்களை மட்டும் சொல்லி என்ன? கையால் மலம் அள்ளுவதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று 2021 ஜூலையில் மாநிலங்களவையிலேயே ஒன்றிய அரசு பதில் சொன்னது. கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்ற பதிலும் அதே மாதம்தான் வந்தது. பதிவேட்டை மூடி வைத்தால் நாட்டில் சாவே இருக்காது போலிருக்கிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருள்க. அந்தத் தாளைக் கட்டாயமாக்குங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பு எடுக்கும் ஜெட்ராடிங் வண்டி நுழையாத சந்து என்றால் அதையும் எழுதி உங்கள் பொறியாளர் கையெழுத்துப் போடட்டும். அப்புறம், அந்த அம்மாவின் மனு உங்கள் அலுவலகத்தில்தான் கிடக்கிறது. அனுப்பியது யார் என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை, விசாரித்துக் கண்டுபிடிப்பது மாநகராட்சியின் பொறுப்பு என்று அதன்மேல் ஒரு வரி எழுதுங்கள். தயவுசெய்து, உங்கள் கையெழுத்தோடு.

இப்படிக்கு,
அதே வார்டில் வரி கட்டும் ஒருவன்