மாமல்லபுரத்துக்கு ஒரு முழு நாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடுமுறை நெருங்குவதால் ‘ஒருநாள் இன்பச் சுற்றுலா’ என்ற துண்டறிக்கைகள் வீட்டு வாசல்களில் விழத் தொடங்கிவிட்டன. குறைந்த கட்டணத்தில், சிற்றுண்டியும் சாப்பாடும் சேர்த்து, நாற்பது ஐம்பது பேரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய் இரவுக்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் இந்தச் சுற்றுலாக்களை நான் குறைகூற வரவில்லை. சொந்த வாகனம் இல்லாத குடும்பங்களும், தனியே வெளியூர் செல்லத் தயங்கும் பெண்களும், ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் முதியவர்களும் இவற்றின் தயவால்தான் நாலு ஊரைப் பார்க்கிறார்கள். எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் சார்பில் இத்தகைய பயணங்களை ஏற்பாடு செய்பவர்களில் நானும் ஒருவன். ஆகவே என் முறையீடு கட்டணத்தைப் பற்றியது அன்று, நேரத்தைப் பற்றியது. குறிப்பாக, மாமல்லபுரத்தையும் காஞ்சிபுரத்தையும் ஒரே நாளில் முடிச்சுப்போடும் வழக்கத்தைப் பற்றியது.

இந்த இணைப்புக்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. காஞ்சி பல்லவர்களின் தலைநகரம். மாமல்லை அவர்களுடைய துறைமுகம். காஞ்சியில் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்மனே மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் எழுப்பினான். ஆனால் வரலாற்றில் ஒட்டி நிற்கும் இரண்டு ஊர்கள் கடிகாரத்தில் ஒட்டுவதில்லை. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர், அங்கிருந்து மாமல்லபுரம் 65 கிலோமீட்டர், மறுபடியும் சென்னைக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இருநூறு கிலோமீட்டர் சாலையில் கழிந்த பிறகு மிஞ்சுவதுதான் பார்ப்பதற்கான நேரம். காஞ்சிக் கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலை நான்கு மணியளவில்தான் திறக்கின்றன. எனவே முற்பகல் முழுவதையும் காஞ்சிக்கு ஒதுக்குவதைத் தவிர ஏற்பாட்டாளருக்கு வேறு வழியில்லை. மாமல்லபுரத்துக்குக் கிடைப்பது உண்ட மயக்கமும் உச்சிவெயிலுக்குப் பிந்தைய சில மணி நேரமும்தான்.

அந்தச் சில மணி நேரமும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. காஞ்சியில் பட்டுச்சேலைக் கடை ஒன்றிலும், மாமல்லபுரத்தில் கற்சிலைக் கடை ஒன்றிலும் பேருந்து நிற்பது இந்தச் சுற்றுலாக்களில் எழுதாத சட்டம். பயணிகள் வாங்கும் பொருளுக்கு ஓட்டுநருக்கோ ஏற்பாட்டாளருக்கோ கடைக்காரர் ஒரு பங்கு கொடுப்பார். கட்டணம் மலிவாக இருப்பதற்கு அந்தப் பங்கும் ஒரு காரணம். இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை, கேட்டால் அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். சென்ற ஆண்டு எங்கள் குழு ஒரு தனியார் ஏற்பாட்டாளரை நம்பிச் சென்றபோது, பட்டுக்கடையில் எங்களைப் பொறுமையாக உட்காரவைத்துக் குளிர்பானம் கொடுத்தவர்கள், ஐந்து ரதங்களின் வாசலில் இறக்கிவிட்டு “அரை மணி நேரத்தில் வந்துவிடுங்கள், போக்குவரத்து நெரிசல் ஆகிவிடும்” என்று அவசரப்படுத்தினார்கள். நுழைவுச்சீட்டு வரிசையிலேயே அந்த அரை மணியில் பாதி போய்விட்டது.

ஐந்து ரதங்களை அப்படிப் பார்ப்பதும் பார்க்காமலிருப்பதும் ஒன்றுதான். ஒரே பாறைத் தொடரைச் செதுக்கிச் செய்த இந்த ஐந்தில் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. திரௌபதி ரதம் ஓலை வேய்ந்த குடிசையின் வடிவம். உள்ளே நிற்கும் கொற்றவையின் காலடியில் ஒருவன் தன் தலையைத் தானே அரிந்து கொடுக்க முனைகிறான். வீமன் ரதத்துக்கு வண்டிக்கூண்டு போன்ற நீண்ட கூரை. நகுல சகதேவ ரதம் பின்புறம் வளைந்த தூங்கானை மாடம். அதன் அருகிலேயே ஒரு கல்யானையை முழு உருவில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். யானையின் பின்பக்கம் நின்று பார்த்தால் அதன் முதுகின் வளைவும் கோயிலின் வளைவும் ஒன்றையொன்று ஒத்திருப்பது தெரியும். சிற்பி விளையாட்டாகச் செய்தானோ, பாடமாகச் செய்தானோ, அந்த இடத்தில் நிற்காதவர்களுக்கு அது தென்படவே படாது. எங்கள் குழுவில் பெரும்பாலோர் அந்த யானையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு பேருந்துக்குத் திரும்பினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களுக்குச் சொல்ல ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

மாமல்லபுரத்தை மட்டுமே இலக்காக வைத்து, விடியலுக்கு முன் புறப்பட்டால் இதே செலவில் முற்றிலும் வேறொரு பயணம் கிடைக்கும் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள நினைவுச்சின்னங்கள் காலை 6 மணிக்கே திறக்கப்படுகின்றன. தாம்பரத்திலிருந்தோ அடையாற்றிலிருந்தோ நான்கரை மணிக்குக் கிளம்பும் பேருந்து, கிழக்குக் கடற்கரைச் சாலை வெறிச்சோடிக் கிடக்கும் அந்த வேளையில் ஆறு மணிக்கெல்லாம் ஊருக்குள் இருக்கும். கடற்கரைக் கோயிலின் பெரிய கருவறை கடலை நோக்கிக் கிழக்கு முகமாக அமைந்தது. உப்புக்காற்றில் தேய்ந்துபோன அதன் சிற்பங்களில் எஞ்சியிருக்கும் மேடுபள்ளங்களைக் காலைச் சாய்வொளிதான் எடுத்துக்காட்டும். இரண்டு சிவன் கோயில்களுக்கும் நடுவே பள்ளிகொண்ட பெருமாள் இருக்கிறார் என்பதும் நிதானமாகச் சுற்றிவந்தால்தான் தெரியும்.

அங்கிருந்து அருச்சுனன் தபசு என்னும் பாறைச் சிற்பத்துக்குப் போகலாம். அதுவும் கிழக்கு நோக்கியதுதான். ஏறத்தாழ 27 மீட்டர் நீளமும் 9 மீட்டர் உயரமும் உள்ள அந்தப் பாறைப் பரப்பில் முற்பகல் வெளிச்சம் நேராக விழும். பிற்பகலில் பாறை தன் நிழலிலேயே முகம் மங்கிக் கிடக்கும். நமது சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் அந்த மங்கிய வேளையில்தான் அதன் எதிரே போய் நிற்கின்றன. நடுவில் உள்ள பிளவில் நாகர்கள் மேலேறி வருகிறார்கள்; பாறையின் மேலிருந்து அந்தப் பிளவு வழியே நீர் வழியவிட்டிருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஒற்றைக்காலில் நின்று கைகளை மேலே உயர்த்தித் தவம் செய்பவனின் விலா எலும்புகளை எண்ணலாம். அவன் பாசுபதம் வேண்டிய அருச்சுனனா, கங்கையை வரவழைத்த பகீரதனா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. அந்த வாதத்தில் ஆர்வமில்லாத குழந்தைகளுக்குப் பெரிய யானையின் தந்தத்தருகே ஒரு பூனை காத்திருக்கிறது. தவசியைப் பார்த்து அதுவும் முன்னங்கால்களைத் தூக்கித் தவக்கோலத்தில் நிற்க, அதை நம்பி எலிகள் காலடியில் கூடியிருக்கின்றன. இன்னோர் இடத்தில் மான் ஒன்று பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. இவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பிள்ளைகளை விட்டுவிட்டால் அரை மணி நேரத்துக்குப் பெற்றோருக்கு வேலையே இல்லை.

வெயில் ஏறிய பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கும் பல்லவர்களே விடை செய்து வைத்திருக்கிறார்கள். குன்றைக் குடைந்த மண்டபங்கள் அத்தனையும் நிழல். தபசுக்குப் பக்கத்திலேயே உள்ள கிருஷ்ண மண்டபத்தில், பின்னாளில் சேர்க்கப்பட்ட தூண்களின் நிழலில் நின்று, கோவர்த்தனக் குன்றின் கீழ் ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக் கொடுப்பதைப் பார்க்கலாம். வராக மண்டபமும் மகிடாசுரமர்த்தினி மண்டபமும் குன்றின் மேல் இருக்கின்றன. பின்னதில் ஒரு சுவரில் சிங்கத்தின் மேலேறிப் போரிடும் துர்க்கை, எதிர்ச்சுவரில் அரவணையில் துயிலும் திருமால். சீற்றமும் அமைதியும் எதிரெதிரே இருக்கும் அந்தச் சிறிய இடத்தைவிட்டு எனக்கு எழுந்துவர மனம் வருவதில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் படிகளையும் வழுக்குப் பாறைகளையும் உத்தேசித்து முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. ஆழ்வார் பாசுரம் பெற்ற தலசயனப் பெருமாள் கோயிலும் தபசுக்கு அருகிலேதான். நண்பகலில் நடை சாத்துவதற்குள் தரிசித்துவிடலாம்.

சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் பிறகு, வெயில் தணியும் நேரத்துக்கு ரதங்களை வைத்துக்கொள்ள வேண்டும். வரிசையாக நிற்கும் நான்கு ரதங்களும் மேற்கு நோக்கியவை; மாலை வெயில்தான் அவற்றின் முகத்தில் விழுகிறது. 2019 அக்டோபரில் நம் பிரதமரும் சீன அதிபரும் இவ்வூரில் சந்தித்தபோது இருவரும் மாலையில்தான் இவற்றைச் சுற்றிப் பார்த்தார்கள் என்பதை நம் ஏற்பாட்டாளர்கள் கவனித்திருக்கலாம். நாட்டுத் தலைவருக்கு ஏற்ற நேரம் நாட்டு மக்களுக்கும் ஏற்றதுதானே.

செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 40 ரூபாய், 15 வயதுக்கு உட்பட்டோருக்கு இலவசம். ஒரே சீட்டில் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்க்கலாம் என்பதால் காலையில் வாங்கிய சீட்டுகளை ஒருவரே மாலைவரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிட்டால் வரிசையும் மிச்சம். காஞ்சிக்குப் போகாததால் எரிபொருள் செலவில் கணிசமான பகுதி குறைகிறது. அந்தத் தொகையில் அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். நாற்பது பேர் பகிர்ந்துகொண்டால் தலைக்கு ஒரு தேநீர், இரண்டு வடை விலைக்கு மேல் வராது. வழிகாட்டி வேண்டாம் என்று மிச்சம் பிடிக்கும் குழுக்கள்தான் வாசலில் விற்கும் சங்கு மாலைக்கும் பிளாஸ்டிக் பொம்மைக்கும் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வருகின்றன. நினைவுப்பொருள் வாங்கத்தான் வேண்டுமென்றால், உளிச்சத்தம் கேட்கும் பட்டறை ஒன்றுக்குள் நுழைந்து வாங்கலாம். 2017-இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் அது. செதுக்குபவரிடமே பேசி வாங்கும்போது இடையில் யாருக்கும் பங்கு போவதில்லை.

கட்டணமில்லா அனுமதி அறிவிக்கப்படும் நாள்களைத் தேர்ந்தெடுத்து 40 ரூபாயை மிச்சப்படுத்தும் யோசனை குழுக்கூட்டங்களில் தவறாமல் எழும். உலக மரபு நாளான ஏப்ரல் 18 வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காணும் பொங்கலன்று போவதையோ கேட்கவே வேண்டாம். அன்று அங்கே பார்க்கக் கிடைப்பது சிற்பங்கள் அல்ல, முதுகுகள்.

ஏற்பாட்டாளர்களை மட்டும் திருத்தச் சொல்வது முறையாகாது. நினைவுச்சின்ன வளாகங்களுக்குள் உணவு உண்ணத் தடை இருப்பது சரியே. ஆனால் புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு வரும் குழுக்கள் அவற்றைப் பிரிப்பதற்குப் பேருந்தின் நிழலையும் நடைபாதை ஓரத்தையும் தேடி அலைவதை விடுமுறை நாள்களில் யாரும் பார்க்கலாம். இலையும் தட்டும் அங்கேயே கிடக்க, மாடுகள் வந்து கிளறுகின்றன. பேருந்து நிறுத்துமிடத்தை ஒட்டி, கை கழுவக் குழாயும் குப்பைத் தொட்டியும் உள்ள ஓர் எளிய கூரைக் கொட்டகையும், அதனருகே பெண்கள் முகம் சுளிக்காமல் பயன்படுத்தக்கூடிய கழிப்பறைகளும் அமைத்துக் கட்டணம் வாங்கினால், எங்களைப் போன்ற குழுக்கள் மனமுவந்து கொடுக்கும். 1984-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஓர் ஊருக்கு இது பெரிய கோரிக்கை அன்று. ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் இடையே நடக்க முடியாத முதியவர்களுக்காக மின்கல வண்டிகள் சிலவற்றை நிர்ணயித்த கட்டணத்தில் ஓட்டினால், ஆட்டோக்காரர்களிடம் பேரம் பேசிக் களைத்துப்போகும் நிலையும் குறையும்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் காஞ்சிபுரம், மாமல்லபுரம் இரண்டையும் இணைத்து ஒருநாள் சுற்றுலா நடத்திவருகிறது. வெளிமாநிலத்தவருக்கும் ஒரே நாள்தான் கையில் உள்ளது என்று வருபவர்களுக்கும் அது பயன்படுகிறது என்பதால் அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதனுடன், ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறை நாள்களிலும் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்து அதிகாலையில் புறப்பட்டு, வழிகாட்டியுடன் மாமல்லபுரத்தை மட்டும் சுற்றிக்காட்டித் திரும்பும் பேருந்து ஒன்றையும் இயக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நேரம் மிஞ்சினால் ஊருக்கு வடக்கே சாளுவன்குப்பத்துப் புலிக்குகையைத் திரும்பும் வழியில் சேர்த்துக்கொள்ளலாம். ஆழிப்பேரலைக்குப் பிறகு அகழ்ந்தெடுக்கப்பட்ட முருகன் கோயிலின் செங்கல் அடித்தளமும் அதன் அருகிலேயே இருக்கிறது. பெரும்பாலான சுற்றுலாத் திட்டங்களில் அதன் பெயரே வருவதில்லை.

பள்ளித் தலைமையாசிரியர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாணவர்களை அழைத்துச் செல்லும் பயணத்தில் கேளிக்கைப் பூங்காவை இரண்டாம் பாதியில் வைத்தால், முதல் பாதி முழுவதும் பிள்ளைகள் கேட்கும் ஒரே கேள்வி “எப்போது கிளம்புவோம்?” என்பதுதான். பூங்காவுக்கு வேறொரு நாள் போகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குரோம்பேட்டை.