சொல் விளையாட்டுக்குப் பட்டியல் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் மாணவர் இணைப்பில் எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொற்கள் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டுக்கென வெளியாகும் ஆங்கிலச் சொற்பட்டியலை என் மாணவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள். ஆனால், 'க்யூஐ' (QI) போன்ற அரிய ஈரெழுத்துச் சொற்களே பட்டியலை நிறைப்பதும், அவற்றுக்குப் பொருள் தரப்படாததும் வருத்தமளிக்கின்றன.

கட்டடக் கலைஞரான ஆல்ஃபிரட் பட்ஸ், அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்திருந்த காலத்தில், நாளிதழ்ப் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே இந்த விளையாட்டை வடிவமைத்தார். அதனால்தான் 100 வில்லைகளில் 'ஈ' என்னும் எழுத்துக்கு 12 வில்லைகளும் 1 புள்ளியும், 'க்யூ'வுக்கு ஒரே வில்லையும் 10 புள்ளிகளும் அமைந்தன. அன்றாட ஆங்கிலத்தின் இயல்பே அதன் அடித்தளம்.

ஒரு புள்ளி மட்டுமே பெறும் ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி (A, E, I, N, R, S, T) ஆகிய ஏழு எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'ரீடெயின்ஸ்', 'ரெட்டினாஸ்', 'நாஸ்டியர்', 'ஸ்டெயினர்' எனப் பல சொற்கள் கிடைக்கின்றன. கையிலுள்ள ஏழு வில்லைகளையும் ஒரே முறையில் வைப்பவருக்கு 50 புள்ளிகள் கூடுதலாகவும் சேர்கின்றன. கரும்பலகையில் இதைக் கண்டுபிடிக்கும் மாணவனின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியை எந்தப் பட்டியலும் தந்துவிடாது.

பொருள் தெரியாமலே சொற்களை மனனம் செய்து வெல்ல முடியும் என்பதை, பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் பட்டம் வென்ற நைஜல் ரிச்சர்ட்ஸ் காட்டினார். அவருடைய நினைவாற்றல் வியக்கத்தக்கது. எனினும், பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வழியன்று.

ஆகவே, ஒவ்வொரு சொல்லுடனும் தமிழில் பொருளும், சிறிய எடுத்துக்காட்டு வாக்கியமும், வாரம் ஓர் எழுத்துக்கலைப்புப் புதிரும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்,
திண்டுக்கல்