சேவ் ஆனாலும் மிஞ்சுவது எவ்வளவு?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புதுக் குழுவில் சேர்ந்து ஐந்தாம் லெவல் மந்திரவாதியாக ஆடப்போகிறாய் என்று படித்ததும் உற்சாகமாகிவிட்டது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் கைக்கு வருவதும் அதே லெவலில்தான். நல்ல நேரம் பார்த்துத்தான் நுழைகிறாய்.

"எந்த மந்திரம் அதிகமாக அடிக்கும்?" என்று கேட்டிருந்தாய். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: மந்திரம் பலிக்காமல் போனால் என்ன மிஞ்சும்? பகடை எண்ணிக்கை எல்லார் கண்ணிலும் படும். மிச்சத்தைப் பார்க்கப் பழகினால்தான் ஸ்லாட் (மந்திரம் போடச் செலவாகும், எண்ணி வைத்த வாய்ப்பு) வீணாகாது. நான் சொல்வது 2014 விதிநூலின் கணக்கு. 2024 திருத்தத்தில் உன்னைப் பாதிக்கிற மாற்றம் இருந்தால் அந்த இடத்தில் சொல்கிறேன்.

சேத மந்திரத்தில் ஒன்று நீ உருட்டுவாய், இல்லையென்றால் எதிரி உருட்டுவான். ஃபயர் போல்ட், ஸ்கார்ச்சிங் ரே போன்றவற்றில் நீ டி20 (இருபது முகப் பகடை) உருட்டி, உன் ப்ரொஃபிஷியன்சியையும் (பயிற்சிக்கான எண்) இன்டெலிஜென்ஸ் மாடிஃபையரையும் (அறிவுக்கான எண்) கூட்டி, எதிரியின் ஏசியைத் (தற்காப்பு எண்) தொட வேண்டும். தொடவில்லை என்றால் பூஜ்யம். ஃபயர்பால், லைட்னிங் போல்ட் போன்றவற்றில் எதிரி சேவிங் த்ரோ, சுருக்கமாக சேவ், உருட்டுவான்; வென்றால் அவனுக்குப் பாதிச் சேதம்தான். அவன் எட்ட வேண்டிய இலக்கு எண்ணான டிசி, 8 கூட்டல் அதே இரண்டு எண்கள். உனக்கு இன்டெலிஜென்ஸ் 18 என்று வைத்துக்கொண்டால் ப்ரொஃபிஷியன்சி 3, மாடிஃபையர் 4. அட்டாக் போனஸ் 7, டிசி 15. இந்த இரண்டு எண்ணையும் கேரக்டர் ஷீட்டின் மேல் மூலையில் பெரிதாக எழுதி வை.

டி20-இல் 20 விழுந்தால் சேதப் பகடை இரட்டிப்பாவது அட்டாக் ரோலுக்கு மட்டும்தான். ஃபயர்பாலுக்கு அந்தக் கிரிட்டிகல் கிடையாது. எதிரி சேவில் 1 போட்டாலும் வழக்கமான தோல்விதான், கூடுதல் சேதம் வராது. புதியவர்கள் நிறைய பேர் இதைத் தவறாக நினைத்திருக்கிறார்கள். மறுபக்கம், அட்டாக் மந்திரங்களுக்கும் ஒரு தொல்லை உண்டு. உன்னைப் பார்க்கக்கூடிய எதிரி ஐந்தடிக்குள் நின்றால், தூரத்தில் எறியும் மந்திரமெல்லாம் டிஸ்அட்வான்டேஜில்தான் (இரண்டு டி20 உருட்டி, குறைந்ததை எடுப்பது) போகும். ஃபயர்பாலுக்கு அந்தத் தடை இல்லை.

இப்போது ஓர் ஓகரை (முரட்டு அரக்கன்) எடுத்துக்கொள்வோம். ஏசி 11, டெக்ஸ்டெரிட்டி மாடிஃபையர் கழித்தல் 1. ஃபயர்பால் 8டி6, அதாவது எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. சேவ் ஆனால் 14. டிசி 15-ஐ எட்ட ஓகருக்கு 16 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், ஆகவே நூற்றுக்கு 75 முறை தோற்பான். கணக்குப் போட்டால் எதிர்பார்க்கும் சேதம் 24.5. ஃபயர்பாலுக்குச் செலவாகும் அதே மூன்றாம் லெவல் ஸ்லாட்டில் ஸ்கார்ச்சிங் ரே போட்டால் நான்கு கதிர், ஒவ்வொன்றும் 2டி6. 85 சதவீதம் படும், கிரிட்டிகலையும் சேர்த்தால் 25.2. ஒற்றை ஓகர் என்றால் ஸ்கார்ச்சிங் ரேதான் மயிரிழையில் முந்துகிறது! ஆனால் ஏசி 18 உள்ள கவச வீரன், டெக்ஸ் மாடிஃபையர் பூஜ்யம் என்றால் நிலைமை தலைகீழ். கதிர்களில் பாதிதான் படும், 15.4-க்கு இறங்கிவிடும். ஃபயர்பால் 23.8-இல் நிற்கிறது. ஸ்கார்ச்சிங் ரே பூஜ்யமாகிற இடத்தில் ஃபயர்பால் பாதியைக் காப்பாற்றுகிறது. ஏசி உயர உயர நீ சாய வேண்டியது சேவ் மந்திரங்கள் பக்கம்.

அந்தப் பாதியின் மதிப்பு என்ன என்று விதி எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள். 2014-இன் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) கையேட்டில் புது மந்திரம் உருவாக்குவதற்கு ஒரு சேத அட்டவணை இருக்கிறது. சேவ் ஆனால் பாதி என்று வைத்துப் போட்டது அது. சேவ் ஆனால் ஒன்றுமில்லை என்றால் சேதத்தை 25 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம் என்கிறது. அதே அட்டவணையில் மூன்றாம் லெவலில் பலரைத் தாக்கும் மந்திரத்துக்கு 6டி6 போதும். ஃபயர்பால் 8டி6. அது அட்டவணையின் ஐந்தாம் லெவல் அளவு. தெரிந்தே தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதனாலேயே ஃபயர்பாலைப் பெரிய ஸ்லாட்டில் போடுவது எனக்குப் பிடிக்காது. நான்காம் லெவல் ஸ்லாட்டில் ஒரே ஒரு டி6 கூடும், சராசரி 3.5. அதற்கு ஒரு நான்காம் லெவல் ஸ்லாட்டா?

மிச்சம் என்று சொல்லும்போது ஹிட் பாயின்ட்டையும் (உயிர் அளவு) சேர்த்துப் பார். ஒரே ஒரு ஹிட் பாயின்ட்டோடு நிற்கிற எதிரியும் முழு பலத்தோடுதான் திருப்பி அடிப்பான். பாதிச் சேதம் ஆளைச் சாய்த்தால்தான் அந்தச் சுற்றிலேயே அதற்குப் பலன். காப்ளினுக்கு 7 ஹிட் பாயின்ட். ஃபயர்பாலின் மொத்தம் 14-ஐத் தொட்டாலே சேவ் ஆனவனும் விழுவான், எட்டுப் பகடையில் 14-க்குக் கீழே போவது அபூர்வம். ஹாப்காப்ளினுக்கு 11, மொத்தம் 22 வேண்டும், அதுவும் பெரும்பாலும் வந்துவிடும். ஆறு ஓகர்கள் மேல் முதல் சுற்றில் வீசினால் ஆறு பேரும் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். அது வீண் இல்லை. ஆனால் அடுத்த சுற்றில் உன் கூட்டாளிகள் அவர்களை ஒவ்வொருவராக முடிக்க வேண்டும். வீசும் முன்பே அதைப் பேசி வைத்துக்கொள்.

ஃபயர்பாலின் இருபதடி என்பது ஆரம், விட்டம் நாற்பதடி. வரைபடத்தில் எட்டுக் கட்டம். டிஎம் கையேட்டின் உத்தேசப்படி அந்த வட்டத்துக்குள் நாலு பேர் சிக்குவார்கள். கூட்டாளிகள் உள்ளே போய்விட்டார்கள் என்றால் எவோக்கேஷன் பள்ளி (சேத மந்திரங்களில் தேர்ந்த பிரிவு) மந்திரவாதிக்கு ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் என்ற திறன் இருக்கிறது. மந்திர லெவலோடு ஒன்று கூட்டி, ஃபயர்பாலுக்கு நாலு பேரைச் சேதமே இல்லாமல் விலக்கலாம். 2014 விதியில் அது இரண்டாம் லெவலிலேயே கிடைக்கும். 2024 திருத்தத்தில் ஆறாம் லெவலுக்குப் போய்விட்டது, அதாவது இப்போதைக்கு உனக்கு இல்லை. உங்கள் மேசையில் எந்த விதி என்று முதல் நாளே கேட்டுவிடு.

குறுகிய வழிநடையில் ஃபயர்பால் போட்டால் திரும்பி வந்து நம்மையே எரிக்கும் என்று உன் டிஎம் எச்சரித்ததாக எழுதியிருந்தாய். அது பழைய விதியின் நினைவு. 1978-இல் வந்த முதல் பதிப்பு உயர்நிலை விதிகளில் ஃபயர்பால் ஏறக்குறைய 33,000 கன அடியை நிரப்பும். சின்ன அறையில் வீசினால் மிச்ச நெருப்பு வாசல் வழியே பிதுங்கி வரும். இப்போதைய விதியில் அப்படி விரியாது, இருபதடியோடு நின்றுவிடும். மூலை திரும்பிப் பரவுவது மட்டும் 2014 விதியில் உண்டு, தூணுக்குப் பின்னால் ஒளிந்தவன் முழுவதும் தப்ப முடியாது; 2024 திருத்தத்தில் அந்த வரி இல்லை. இன்னொரு விதியை மறந்துவிடாதே: உன் கண்ணுக்குத் தெரியாத இடத்தைக் குறித்து வீசி, நடுவில் சுவர் இருந்தால், வெடிப்பு சுவருக்கு இந்தப் பக்கமே நடக்கும். இருட்டில் குத்துமதிப்பாக வீசும்போது குழுவே எரிவது இப்படித்தான்.

சேத வகையைப் பற்றி. மொத்தம் பதின்மூன்று வகை. ரெசிஸ்டன்ஸ் என்றால் பாதி, வல்னரபிலிட்டி என்றால் இரட்டிப்பு, இம்யூனிட்டி என்றால் ஒன்றுமில்லை. சேவ் கணக்கு முடிந்த பிறகுதான் ரெசிஸ்டன்ஸ். நீ 27 உருட்டினாய் என்று வை: சேவ் ஆனதால் 13, நெருப்புக்கு ரெசிஸ்டன்ஸ் இருப்பதால் 6. ஒவ்வொரு முறையும் பின்னத்தைக் கீழே தள்ள வேண்டும். ஒரே வகைக்கு இரண்டு ரெசிஸ்டன்ஸ் இருந்தாலும் ஒருமுறைதான் பாதி. டெவில்களுக்கு நெருப்பு ஏறாது, அயர்ன் கோலெம் நெருப்பை விழுங்கிக் குணமடையும். விஷம்தான் மிக மோசமான வகை. செத்து எழுந்தவை, இயந்திர உடல்கள், ஃபீண்டுகள் என்று பெருங்கூட்டமே அதைக் கண்டுகொள்ளாது. ஃபோர்ஸ் சேதத்தைத் தடுப்பவர்கள் மிகச் சிலர். அதனால் புத்தகத்தில் ஃபயர்பாலுக்குப் பக்கத்தில் கட்டாயம் வேறு வகை ஒன்று இருக்கட்டும். ட்ரோல் மாதிரி எதிரியிடம் வகைதான் எல்லாம்: ஒவ்வொரு திருப்பத்திலும் 10 ஹிட் பாயின்ட் மீளும், ஒரு சின்ன ஃபயர் போல்ட் பட்டாலும் அடுத்த மீட்பு நின்றுவிடும். அங்கே ஸ்லாட் செலவழிக்கத் தேவையில்லை.

இவேஷன் என்ற திறன் உள்ளவர்களிடம் ஃபயர்பால் வீசாதே. சேவ் ஆனால் ஒன்றுமே படாது, தோற்றாலும் பாதிதான். மிச்சத்தை நம்பும் மந்திரத்தின் அடிமடியிலேயே கை வைக்கும் திறன் அது. அவர்களுக்கு மேஜிக் மிஸைல் இருக்கிறது. மூன்று அம்பு, ஒவ்வொன்றும் 1டி4 கூட்டல் 1, மொத்தச் சராசரி 10.5. அட்டாக் ரோலும் இல்லை, சேவும் இல்லை. ஷீல்ட் மந்திரம் வைத்திருப்பவன் மட்டும் தடுத்துவிடுவான். ஓகர் மாதிரி சுலப இலக்கில் இலவசமான ஃபயர் போல்டே உன் லெவலில் 9.9 தரும், அங்கே முதல் லெவல் ஸ்லாட் கொடுப்பது வீண். ஏசி 18-இல் ஃபயர் போல்ட் 6-க்கு இறங்கும்போதுதான் மேஜிக் மிஸைலுக்கு மரியாதை.

அதன் நிஜமான வேலை எதிரி மந்திரவாதியின் கான்சன்ட்ரேஷனை (ஒரு மந்திரத்தை நீடிக்க வைக்கும் கவனம்) கலைப்பது. சேதம் பட்டால் கான்ஸ்டிடியூஷன் சேவ். டிசி 10 அல்லது சேதத்தின் பாதி, எது பெரிதோ அது. மூன்று அம்பையும் தனித்தனியாகக் கணக்கெடுத்தால் மூன்று சேவ். கூட்டல் 2 உள்ளவன் ஒன்றைத் தாண்ட 65 சதவீதம், மூன்றையும் தாண்ட 27 சதவீதம்தான். சில டிஎம்கள் மூன்றையும் ஒரே அடியாக எடுத்துக்கொள்வார்கள், அப்போது இந்தக் கணக்கு செல்லாது. சண்டைக்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்.

நீண்ட சண்டைக்கு ஃப்ளேமிங் ஸ்பியர் எடுத்துக்கொள். இரண்டாம் லெவல், 2டி6, பார்க்கச் சப்பென்று இருக்கும். ஆனால் போனஸ் ஆக்‌ஷனில் (வழக்கமான ஆக்‌ஷனுக்கு மேல் கிடைக்கும் சிறு செயல்) உருட்டி மோதலாம், ஆக்‌ஷன் ஃபயர் போல்டுக்கு மிஞ்சும். நாலு சுற்று ஓடினால் ஒரு ஸ்லாட்டில் ஒரு ஃபயர்பால் அளவு வந்துவிடும். அதுவும் கான்சன்ட்ரேஷன், அடி வாங்காத இடத்தில் நில்.

உனக்கு மூன்றாம் லெவல் ஸ்லாட் இரண்டு. ஆர்கேன் ரிக்கவரியால் குறு ஓய்வில் இன்னொன்று மீளும். நாளொன்றுக்கு மூன்று ஃபயர்பால், அவ்வளவே. மேசையில் ஒரு சின்ன வழக்கமும் வைத்துக்கொள். ஃபயர்பாலுக்கு எத்தனை பேர் சிக்கினாலும் சேதம் ஒரே ஒருமுறைதான் உருட்ட வேண்டும். உன் முறை வருவதற்குள் எட்டு டி6-ஐ எண்ணி எடுத்து வை. ஸ்கார்ச்சிங் ரேக்குக் கதிருக்குக் கதிர் தனி அட்டாக், தனிச் சேதம். வெவ்வேறு நிறப் பகடை இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக உருட்டிவிடலாம்.

நீ எவோக்கேஷன் பள்ளியா, வேறு பள்ளியா என்று எழுதவில்லையே. அதையும், புத்தகத்தில் இதுவரை எழுதிய மந்திரங்களின் பட்டியலையும் அனுப்பு. குழுவில் முன்னால் நின்று அடி வாங்குவது யார் என்றும் சொல். அதைப் பார்த்துத்தான் உன் இரண்டாம் லெவல் ஸ்லாட்டுகளுக்கு என்ன பொருந்தும் என்று சொல்ல முடியும்.

அன்புடன்,
உன் பழைய தோழன்