செடார் மரத்தில் தொட்டி கட்டப்போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய, உட்கார்ந்து குளிக்கிற வெந்நீர்த் தொட்டியின் செய்முறைப் புத்தகத்தை பிரிண்ட் எடுத்து முழுசாகப் பார்த்துவிட்டேன். இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் மரவேலை ஆச்சே, படமே போதும். போனில் சொன்னால் "சரிப்பா சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் மாஸ்க். அந்த சிவப்பு செடார் லேசில் அழுகாது, எடையும் குறைவு, எல்லாம் சரி. ஆனால் அதன் தூளில் பிளிகேட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறதாம், உங்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மரம் அறுக்கும் மில் வேலைக்காரர்கள் பலருக்கு அதனாலேயே ஆஸ்துமா வந்ததாக உன் தங்கை நெட்டில் படித்துச் சொன்னாள். நீ சின்ன வயதில் இழுப்போடு ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்கியவன். கடைசிப் பலகை அளவுக்கு வராமல் கொஞ்சம் சீவ வேண்டியிருக்கும், அதை வெளியில் காற்றாட வைத்துச் செய். துணி மாஸ்க் எல்லாம் போதாது.

பழைய மர டெக்கின் மேலேயே வைத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஆறடி விட்டத்தில் மூன்றடிக்குத் தண்ணீர் நின்றாலே சுமார் 2,400 லிட்டர், தண்ணீர் மட்டும் இரண்டு டன்னுக்கு மேல், அப்புறம் நீங்கள் நாலு பேர் வேறு. கம்பி கட்டி கான்கிரீட் போட்டு, ரசமட்டம் வைத்து எல்லாப் பக்கமும் பார்த்துக்கொள். பாரம் முழுக்க, தொட்டியின் தரைப்பலகைக்குக் கீழே வைக்கிற அடிக்கட்டைகள் மேல்தான் இறங்க வேண்டும். சுற்றி நிற்கிற பலகைகளின் நுனி கான்கிரீட்டைத் தொடவே கூடாது, தொட்டால் அவை பாரத்தைத் தாங்கி மேலே தள்ளும், தரைப்பலகை செருகுகிற பள்ளம், அதாவது காடி, பிளந்துவிடும்.

இனி பலகை அடுக்குவது. ஒவ்வொரு பலகையிலும் கீழே வெட்டியிருக்கிற காடியில் தரைப்பலகையின் விளிம்பு போய் உட்கார வேண்டும், கொட்டாப்புளியால் அடிக்கும்போது இடையில் ஒரு துண்டுக் கட்டையை வை, நேராக அடித்தால் செடார் குழிந்துவிடும், மென்மையான மரம். தரைப்பலகை இரண்டு சேருகிற கோட்டுக்கு நேராகப் பக்கப்பலகைகளின் இணைப்பு வராமல் தள்ளிப் போடு. தொட்டியைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிற பட்டிகளை ஒரேயடியாக முறுக்காதே, சுற்றிச் சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. காடிக்கு நேராக வருகிற பட்டிதான் எஜமான்.

தண்ணீர் விட்டதும் ஒழுகும். பயப்படாதே, ஒழுகத்தான் செய்யும். பக்கம் முழுக்க வடியும், அடியில் சொட்டும், நீ ஓடிப்போய் சிலிக்கான் டியூப் வாங்கி வருவாய் என்று எனக்குத் தெரியும். உள்ளே பசையும் வேண்டாம், சிலிக்கானும் வேண்டாம், வார்னிஷ் சுத்தமாகக் கூடாது. மழைக்காலத்தில் நம் வாசல் கதவு இறுகிக்கொள்ளுமே, அந்த மாதிரி மரம் தண்ணீர் குடித்து ஊதி தானே அடைத்துக்கொள்ளும். ஒரு நாளிலும் நிற்கும், சில நாளும் ஆகும். ஒழுகுகிறதே என்று அந்த நேரம் பட்டியை வெறித்தனமாக முறுக்கினால், மரம் ஊதும்போது போக இடமில்லாமல் நார் நசுங்கிவிடும், அது திரும்பாது. ஓஸ் பைப்பைப் போட்டு நிரப்பிக்கொண்டே இரு. முதல் சில தடவை தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும், மரத்தின் சாறுதான், கொட்டிவிட்டு மாற்று. கோடையில் இங்கே வரும்போது காலி செய்து வைக்கலாம் என்று நினைக்காதே, காய்ந்து சுருங்கினால் எல்லாம் முதலிலிருந்து.

விறகு அடுப்பு வாங்கியது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது தண்ணீருக்குள் முங்கி நிற்கிற அலுமினிய அடுப்பு, முழுசாக முங்காமல் தீ வைத்தால் உருகிப்போகும். சூடு 40 டிகிரிக்கு மேல் வேண்டாம், தெர்மாமீட்டர் போட்டுப் பார், கை வைத்துப் பார்த்துச் சொல்லாதே. மூடிக்குப் பூட்டு அவசியம், பயல் இப்போது நாற்காலி போட்டு ஏறுகிறான் என்றாயே.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு அதில் இறங்கலாமா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். கூடாது, தண்ணீரும் கெடும், மரத்திலும் பிசுக்கு ஏறும், எண்ணெய் தேய்த்தவர்கள் வீட்டுக்குள் குளித்துவிட்டு அப்புறம் போய் உட்காரட்டும். பலகை அடுக்குகிற அன்று வீடியோ கால் போடு, இங்கே நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை, காடியைக் கிட்டத்தில் காட்டு.

அப்பா