அந்த ஞாயிற்றுக்கிழமையும் என் காலண்டரும்

திருச்சி
9-11-2025

மாப்ளே,

உன் மெயில் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் கிடையாது. அம்மாவைச் சாக்காகச் சொன்னால் நீ நம்பிவிடுவாய், அதனாலேயே சொல்லவில்லை.

அம்மா நன்றாக இருக்கிறார். திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ், நான்கு மணி நேரம், முடிந்து வந்ததும் ஒரு தூக்கம், எழுந்ததும் தண்ணீரை ஏன் அளந்து கொடுக்கிறாய் என்று என்னோடு ஒரு சண்டை. சண்டை போடுகிற நாளெல்லாம் நல்ல நாள் என்று நானும் என் மனைவியும் கணக்கு வைத்திருக்கிறோம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் ஆபீசில் நீயும் இரண்டு ஜூனியர்களும் ஒரே டைரியை இழுத்துக்கொண்டு, பதினொரு மணிக்கு இரண்டு க்ளையன்ட் எதிரெதிரே வந்து உட்கார்ந்த கதையைப் படித்துவிட்டுச் சத்தமாகவே சிரித்தேன், மன்னித்துக்கொள். நாங்கள் மூன்று பேர் மூன்று ஊரில் இருந்துகொண்டு அம்மாவின் ஆஸ்பத்திரித் தேதிகளை எப்படிப் பார்த்துக்கொள்கிறோம், அதையே உன் ஆபீசுக்கும் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். செய்யலாம். ஆனால் நான் பட்ட அவதியையும் சேர்த்துக் கேட்டுக்கொள்.

நான் வைத்திருப்பது தண்டர்பேர்ட் என்கிற மெயில் மென்பொருள். மெயிலுக்காக ரொம்ப வருடமாக வைத்திருந்தேன், காலண்டர் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. முன்பெல்லாம் அதற்கு லைட்னிங் என்று ஒன்றைத் தனியாகப் போட வேண்டும். 2015இல் வந்த 38ஆம் பதிப்பிலிருந்து கூடவே வர ஆரம்பித்தது, 2020இல் 78ஆம் பதிப்பில் ஒட்டே தெரியாமல் உள்ளேயே கலந்துவிட்டது. காசு கிடையாது. போனில் பார்த்தால் போதாதா என்பாய். ஒரு மாதம் முழுவதையும் பெரிய திரையில் விரித்து வைத்துப் பார்ப்பது வேறு, உள்ளங்கையில் ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பார்ப்பது வேறு. கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியாத வயதுக்கு நாம் வந்துவிட்டோம், ஒப்புக்கொள்.

ஆரம்பத்தில் செய்த முட்டாள்தனம் இது. புதுக் காலண்டர் தொடங்கும்போது, இந்தக் கம்ப்யூட்டரிலேயே வைக்கவா, நெட்வொர்க்கில் வைக்கவா என்று கேட்கும். கம்ப்யூட்டர் என்றேன். அம்மாவின் தேதிகளையெல்லாம் போட்டு முடித்து, ஐசிஎஸ் என்கிற காலண்டர் கோப்பாக எடுத்து, சென்னையில் இருக்கும் தங்கைக்கும் லண்டனில் இருக்கும் தம்பிக்கும் மெயிலில் அனுப்பிவிட்டுப் பெரிய வேலை செய்துவிட்ட மாதிரி காபி குடிக்கப் போனேன். அடுத்த வாரமே டாக்டர் தேதியை மாற்றினார். நான் என் காலண்டரில் மாற்றினேன். அவர்களிடம் இருந்தது பழைய நகல்தானே? பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்த பிறகு முகூர்த்தத்தை மாற்றிய கதையாகிவிட்டது. திரும்பக் கோப்பு, திரும்ப மெயில், தங்கை பழையதை அழிக்காமல் புதியதையும் ஏற்றிக்கொண்டு, ஒரே வாரத்தில் இரண்டு ஸ்கேனா என்று பயந்துபோய் ராத்திரி போன் செய்தாள்.

அந்தக் கோப்பின் மேல் தப்பில்லை. சொல்லப்போனால் அதைப் பார்த்து எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. நோட்பேடில் திறந்து பார், வெறும் எழுத்துதான்: எப்போது ஆரம்பம், எப்போது முடிவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்ப வர வேண்டும், எல்லாம் வரி வரியாக இருக்கும். ஐகேலண்டர் என்று 1998இல் விதி வகுத்தார்கள், 2009இல் ஒருமுறை திருத்தினார்கள், அவுட்லுக்கோ ஆப்பிளோ கூகுளோ யார் எழுதினாலும் மற்றவருக்குப் படிக்க வருகிறது. ஆனால் அது கடிதம் மாதிரி. அனுப்பிய பிறகு கையை விட்டுப் போய்விடும். நமக்கு வேண்டியது திண்ணையில் மாட்டிய பலகை, யார் வந்து பார்த்தாலும் இன்றைய நிலவரம் தெரிய வேண்டும். அதற்குக் காலண்டர் ஒரு சர்வரில், அதாவது இணையத்தில் எப்போதும் ஓடுகிற ஒரு பொதுக் கம்ப்யூட்டரில், உட்கார்ந்திருக்க வேண்டும், அவரவர் கம்ப்யூட்டர் அதைப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பேச்சுவார்த்தைக்குக் கால்டாவ் என்று பெயர், 2007இல் வந்த முறை. நாங்கள் கூகுள் கணக்கு ஒன்றில் 'அம்மா' என்று தனிக் காலண்டர் திறந்து, நான் தண்டர்பேர்டிலும் அவர்கள் அவரவர் போனிலும் சேர்த்துக்கொண்டோம். சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் நெக்ஸ்ட்கிளவுட் என்கிற மென்பொருளைப் போட்டுக்கொள்கிறார்கள், அந்த வம்பு உனக்கு வேண்டாம்.

அதற்கப்புறம் எல்லாம் சரியாகத்தான் போனது, அந்த ஞாயிற்றுக்கிழமை வரும்வரை.

இந்த வருடம் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அன்றைக்கு டயாலிசிஸ் யூனிட் கிடையாது, முந்தைய நாள் ஞாயிறே வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் காலண்டரில் திங்களைத் திறந்து ஞாயிறுக்கு மாற்றப் போனேன். இந்த ஒரு நாளை மட்டும் மாற்றவா, வாராவாரம் வரும் தொடரில் எல்லாவற்றையும் மாற்றவா என்று கேட்டது. வீட்டில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தார்கள், வாசனை அந்தப் பக்கம் இழுக்க எல்லாவற்றையும் என்பதை அழுத்தி, கிழமையை மாற்றிவிட்டு எழுந்து போய்விட்டேன். அவ்வளவுதான், அம்மாவின் திங்கட்கிழமைகள் மொத்தமும் ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டன. தீபாவளி நன்றாகவே கழிந்தது, யாருக்கும் தெரியவில்லை.

26ஆம் தேதி ஞாயிறு விடியற்காலை வாசலில் ஆட்டோ. தங்கை! சனி இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடித்து வந்திருக்கிறாள், இந்த முறை நீ ரெஸ்ட் எடு அண்ணா, அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று. எங்கே கூட்டிக்கொண்டு போவது, யூனிட் பூட்டியிருக்கிறது. போனைத் திறந்து காட்டினாள், அதில் பளிச்சென்று ஞாயிறு காலை ஏழு மணி. அம்மாதான் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரைக் காட்டி, "இதில் பென்சிலால் டிக் பண்ணியிருக்கிறேன், ஒருத்தரும் கேட்கவில்லை" என்றார். தங்கை ராத்திரி ரயிலுக்கே திரும்ப வேண்டும், மறுநாள் அவளுக்கு ஆபீஸ்.

அன்று சாயங்காலம் இரண்டாவது பாகம். ஞாயிறுதோறும் ஐந்தரைக்குத் தம்பி வீடியோவில் வருவான், அம்மா அதற்கு முன்பே தலைசீவிப் பொட்டு வைத்து உட்கார்ந்துவிடுவார். ஐந்தரை ஆனது, ஐந்தே முக்கால், ஆறு, ஆளைக் காணோம். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது, தங்கைக்கு ரயில் கவலை. ஆறரைக்கு மிகச் சாவகாசமாக வந்தான். ஏன்டா லேட் என்றால், "ஒரு மணிக்குத்தானே எப்போதும், கரெக்டாக வந்திருக்கிறேன்" என்கிறான். விஷயம் என்னவென்றால், அன்று விடியற்காலைதான் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால், மார்ச் கடைசி ஞாயிறு முன்னால், அது அவர்கள் ஊர் வழக்கம். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை. அந்த அப்பாயின்ட்மென்ட்டைப் போட்டவன் அவன், லண்டன் நேரத்தில் போட்டிருக்கிறான், ஆகவே அவனுக்கு ஒரு மணி என்பது அசையாமல் நின்றது, எங்களுக்கு ஐந்தரை ஆறரையாகிவிட்டது. கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்தால் காலண்டர் சரியாக ஆறரை என்றே காட்டிக்கொண்டிருந்தது. நான்தான் மனப்பாடமாக ஐந்தரையில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அந்தத் தொடரை இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டோம். அவன் நகரட்டும், அம்மா நகர வேண்டாம்.

திங்கட்கிழமைகளைத் திரும்ப அதனதன் இடத்தில் வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. தங்கை அன்று என்ன சொல்லித் திட்டினாள் என்பதைக் கடிதத்தில் எழுத முடியாது.

தொடர் நிகழ்ச்சி பற்றி இன்னும் ஒன்று, உனக்குத் தேவைப்படும். மாதாமாதம் 31ஆம் தேதி என்று போட்டால், 31 இல்லாத மாதத்தை அது அப்படியே தாண்டிப் போய்விடும், 30க்கு இறங்கி வராது, விதியே அப்படி. மாதத்தின் கடைசி நாள் என்று தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். உன் 7ஆம் தேதி டிடிஎஸ், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்கிற வரித் தேதிகளுக்கெல்லாம் பிரச்சினை இல்லை, ஒருமுறை போட்டுவிட்டு இரண்டு நாள் முன்னால் ரிமைண்டர் வைத்தால் போதும். நம் வீட்டுக் கணக்குதான் அதற்குள் அடங்காது. பொங்கல் இந்த வருடம் ஜனவரி 14, வரும் வருடம் 15. அப்பாவின் திதி ஒவ்வொரு வருடமும் ஒரு தேதியில் வரும், வருடம் ஒருமுறை என்று போட்டு வைத்தால் ஐயர் வராத நாளில் இலை போட வேண்டியதுதான். அமாவாசைக்கும் அதே கதி. இவற்றையெல்லாம் அம்மாவின் தினசரி காலண்டரைப் பார்த்து, வருட ஆரம்பத்தில் ஒன்றொன்றாகக் கையால் ஏற்றுகிறேன். ராகு காலம் மட்டும் வாரக் கணக்கு என்பதால் சமர்த்தாக உட்காருகிறது: திங்கள் ஏழரை முதல் ஒன்பது, சனி ஒன்பது முதல் பத்தரை என்று ஏழு தொடர். சிரிக்காதே, சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுத்தால் உன் பாதி க்ளையன்ட் பத்தே முக்காலுக்குத்தான் வருவார்கள்.

சரி, உன் ஆபீசுக்கு வருகிறேன். ஒரே காலண்டர் போடாதே, மூன்று போடு. உனக்கு ஒன்று, ஜூனியர்களுக்கு ஆளுக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். மூன்றையும் மூவரும் பார்க்கட்டும், ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் கண்ணுக்கே தெரியும். திருத்துகிற அனுமதியை மட்டும் யோசித்துக் கொடு. கூகுளில் நான்கு படி இருக்கிறது: நேரம் காலியா இல்லையா என்று மட்டும் தெரிவது, விவரம் முழுக்கத் தெரிவது, திருத்துவது, திருத்துவதோடு வேறு ஆளுக்கும் பகிர்வது. கடைசிப் படியை யாருக்கும் கொடுக்காதே. நான் சித்தப்பா வீட்டுக்கு முதல் படிதான் கொடுத்திருக்கிறேன். அம்மா கறாராகச் சொல்லிவிட்டார், "என் ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று ஊர் முழுக்கத் தெரிய வேண்டாம்" என்று. உன் க்ளையன்ட் பெயர்களும் அப்படித்தான், எந்தக் கம்பெனிக்காரர் எப்போது உன்னிடம் வருகிறார் என்பதே ஒரு ரகசியம். இன்னொன்று, அதே இடத்தில் ரகசிய முகவரி என்று ஒரு நீளமான இணைப்பு கொடுக்கும், அது யார் கையில் கிடைத்தாலும் கடவுச்சொல் இல்லாமல் காலண்டர் முழுக்கப் படிக்கலாம். அதை வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதே.

க்ளையன்ட்டுக்குக் காலண்டரைக் காட்டவே வேண்டாம், அழைப்பு அனுப்பு. நிகழ்ச்சியில் அவர் மெயில் முகவரியைச் சேர்த்தால் போதும், அவருக்கு அழைப்பாகப் போகும், வருகிறேன் என்று அழுத்தினால் உன் பக்கத்தில் அவர் பெயருக்கு நேரே தெரிந்துவிடும். நீ நேரத்தை மாற்றினால் அவருக்கும் மாற்றம் போகும். பாதிப் பேர் அழுத்த மாட்டார்கள், அப்போது போன்தான், வேறு வழியில்லை. டைரியையும் உடனே தூக்கிப் போடாதே, ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும்.

ஜனவரியில் பொங்கலுக்கு இங்கே வருவதாக எழுதியிருந்தாய். எந்த நாள் என்று போனில் சொல்லாதே, மறந்துவிடுவேன். ஆபீசில் முதல் வேலையாக எனக்கு ஓர் அழைப்பு அனுப்பிப் பழகிப் பார். 16ஆம் தேதி வெள்ளிக்கிழமை, அன்று காலை நான் அம்மாவோடு யூனிட்டில் இருப்பேன், அதைத் தவிர எப்போது வேண்டுமானாலும் போடு. பொங்கல் வாரத்தில் யூனிட் தேதி மாறினால் உனக்கே தெரிகிற மாதிரி 'அம்மா' காலண்டரில் உன்னையும் சேர்த்துவிடுகிறேன். அம்மாவிடம் கேட்டேன், அவனுக்கு விவரம் முழுக்கத் தெரியலாம், பரவாயில்லை என்றார்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்